குதிரைப்படையும் செம்மரக் காடும்

பெரிய ஸ்டுடியோக்கள் கோலோச்சிய காலத்தில் ஹாலிவுட் தயாரித்த கௌபாய் படங்களில் பெரும்பாலானவை, நிலத்தைப் பறித்தவனை வீரனாகவும் பறிகொடுத்த செவ்விந்தியரைக் காட்டுமிராண்டியாகவும் சித்திரித்தவை. அந்த வரிசையில் சேராத ஒரு படத்தைத் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1943இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்ட 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்'. இயக்கியவர் வில்லியம் வெல்மன். 75 நிமிடம்தான், கிளைக் கூட்டம் முடிந்த பிறகும் திரையிட்டுவிடலாம்.

1885, நெவாடா. மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரைத் திருடர்கள் கொன்றுவிட்டதாகச் செய்தி வருகிறது. ஷெரீஃப் ஊரில் இல்லை. அவருடைய உதவியாளர், தமக்கு இல்லாத அதிகாரத்தைக் கையிலெடுத்து, திரண்ட கும்பலையே சட்டத்தின் படையாக அறிவிக்கிறார். இரவில் மூவர் பிடிபடுகின்றனர். மாடுகள் அவர்களிடம் இருக்கின்றன. வாங்கியதற்கு ரசீது இல்லை. விடிந்ததும் தூக்கு. வேண்டாமென்று விலகி நிற்பவர்கள் ஏழு பேர் மட்டுமே. தூக்கிலிட்டுத் திரும்பும் வழியில் எதிர்ப்படும் ஷெரீஃப் சொல்கிறார்: பண்ணைக்காரர் சாகவில்லை.

நாயகனாக நடித்த ஹென்றி ஃபோண்டா, தமது 14ஆம் வயதில், 1919இல், ஒமாஹா நகரில் வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளையர் கும்பல் கொன்றதைத் தந்தையின் அச்சகத்திலிருந்து நேரில் கண்டவர்.

இந்தப் படத்தைப் பார்க்கும் தமிழகத் தோழர்களுக்கு 2015 ஏப்ரல் 7 நினைவுக்கு வராமல் போகாது. அன்று விடியற்காலை, திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காட்டில், அன்றைய சித்தூர் மாவட்டம் சந்திரகிரி அருகே, ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அனைவரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் கூலி உழைப்பாளிகள்; பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடியினர். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. காவலர் ஒருவரும் சாகவில்லை. சிலரைப் பேருந்திலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வாக்குமூலம் அளித்தனர். சடலங்களின் அருகே கிடந்த கட்டைகளில் பழைய பெயின்ட் குறிகள் இருந்ததைச் செய்தியாளர்கள் சுட்டிக்காட்டினர். ரசீது எங்கே என்று நெவாடாக் கும்பலாவது கேட்டது.

ஆனால் படத்துடன் ஓரிடத்தில் நமக்கு உடன்பாடு இல்லை. மூவரும் நிரபராதிகள் என்று தெரிந்த பிறகே பார்வையாளரின் மனச்சாட்சி முழுதாக விழிக்கிறது. அவர்கள் உண்மையிலேயே மாடு திருடியிருந்தால்? படம் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுகிறது. சேஷாசலப் படுகொலை குறித்து எழுதிய பலரும், மாண்டவர்கள் மரம் வெட்டப் போகவில்லை என்று நிறுவுவதிலேயே முனைந்தனர். பேருந்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்கள் விஷயத்தில் அது தேவையே. எனினும், 20 பேரும் கோடரியுடன்தான் காட்டுக்குள் நுழைந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மரம் வெட்டுவதற்குச் சட்டம் விதிப்பது சிறை, தோட்டா அல்ல. 2013 டிசம்பரில் இதே காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டது கொடுஞ்செயல். அதற்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றமே. மோதல் சாவு ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கையும் சுயேச்சையான விசாரணையும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வழங்கியது 2014 செப்டம்பரில். ஏழு மாதம்கூட ஆகவில்லை.

செம்மரம் இயல்பாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. அதற்கான கள்ளச்சந்தை சீனா வரை நீள்கிறது. அந்தச் சங்கிலியின் மேல்முனையில் இருப்பவர் எவரும் ஏப்ரல் 7 அன்று காட்டில் இல்லை. இதே காட்டைக் களமாகக் கொண்டு 2021இல் வெளிவந்த 'புஷ்பா', கூலியாகத் தொடங்கியவன் கடத்தல் தலைவனாவதைக் கொண்டாடியது. கூலியாகவே இருந்து செத்தவனை வைத்து வசூல் பார்க்க முடியாது போலும்.

'தமிழனைத் தெலுங்கன் கொன்றான்' என்ற கூச்சல் அன்று எழுந்தது. ஆந்திரப் பேருந்துகள் தாக்கப்பட்டன. அதே நாட்களில் ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் குழு. தெலுங்கு பேசும் மக்களின் அமைப்பு. பின்னர், கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் மனைவி அளித்த புகாரின் பேரில், அதே சந்திரகிரி காவல் நிலையத்தில் அதிரடிப்படையினர் மீது கொலை வழக்குப் பதிவானது. அதில் இன்றுவரை ஒரு காவலர்கூடத் தண்டிக்கப்படவில்லை.