மூன்று நாளில் ஓர் ஆறு

பிரான்சின் லியோன் நகரில் ஆறாண்டுகள் பணிபுரிந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஓர் அட்டவணையை அனுப்பியிருந்தார். லியோனில் அவருக்கு அண்டை வீட்டாராக இருந்த தம்பதியர் ஜனவரி மாதம் தமிழகம் வருகிறார்கள். எல்லோரும் புதுச்சேரிக்கு அழைத்துப் போகச் சொன்னார்களாம். பிரெஞ்சுக்காரர்களைப் பிரெஞ்சுத் தெருப்பெயர்களைப் படிக்க வைப்பதற்காகவா இவ்வளவு தூரம் வரவழைப்பது என்று நண்பருக்குத் தோன்றியிருக்கிறது. குடியரசு நாளை ஒட்டிய மூன்று நாள் விடுமுறைக்குத் தம் சொந்த ஊரான திருநெல்வேலிக்கே அழைத்துவருவதென்று முடிவு செய்துவிட்டார். “அண்ணாச்சி, பார்த்துச் சொல்லுங்கள். எதையாவது விட்டிருந்தால் சேர்த்துவிடுங்கள்” என்று கீழே ஒரு வரி.

முடிவு உவப்பானதுதான். அட்டவணைதான் என்னை அச்சுறுத்தியது. கன்னியாகுமரியில் சூரிய உதயம், மணப்பாடு, திருச்செந்தூர், கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், நெல்லையப்பர் கோயில், அல்வா, குற்றாலத்தின் எல்லா அருவிகளும், செங்கோட்டை பார்டர் பரோட்டா, பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் மணிக்கணக்கு. நெல்லையப்பருக்கு ஐம்பது நிமிடம். மாஞ்சோலைக்கு, “தேயிலைத் தோட்டம், புகைப்படம், இரண்டு மணி நேரம்.”

எதையும் சேர்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. பாதிக்கு மேல் அடித்துவிடும்படி எழுதினேன். அவர் சற்று வருந்தியிருக்கக்கூடும். அக்கடிதத்தில் சொன்னவற்றையும், சொல்லத் தயங்கியவற்றையும் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உணவுக்காகப் பயணம் செய்வதை ஒரு சாஸ்திரமாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்தச் சாஸ்திரத்தின் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 1900இல் மிஷலின் என்ற டயர் நிறுவனம் காரோட்டிகளுக்காக ஒரு கையேட்டை வெளியிட்டது. மக்கள் நிறையக் கார் ஓட்டினால்தானே டயர் தேயும்! உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்குவதெல்லாம் 1920களில் வந்து சேர்ந்த பழக்கம். ஒரு நட்சத்திரமென்றால் அவ்வழியே போகும்போது நின்று சாப்பிடலாம்; இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம்; மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். நண்பரின் அட்டவணையைப் பார்த்தபோது அதுவும் டயர் விற்பவர் எழுதியதுபோலத்தான் இருந்தது.

அந்த அளவுகோலை நம் ஊருக்கு வைத்துப் பார்ப்போம். இருட்டுக்கடை அல்வாவுக்கு நான் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் தரமாட்டேன். நெல்லைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, புளிக்கவிட்டுத் தெளிவை இறுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கை ஓயக் கிண்டும் அப்பண்டம் உயர்ந்ததுதான். ஆனால் அதன் உயர்வெல்லாம் அந்தி வேளையில் கீழ ரத வீதியில் நின்றபடி, சூட்டோடு இலையில் வாங்கி, விரலில் வழுக்கி நழுவுவதை வாயில் போட்டுக்கொள்ளும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. பெட்டியில் கட்டி ஊருக்கு எடுத்துப் போவது அல்வாவின் நினைவு மட்டுமே.

மூன்று நட்சத்திரம் சொதிக்கு. இதில் எனக்கு ஐயமே இல்லை. திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் வைக்கும் விருந்து அது. தேங்காயை மும்முறை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பால், பாசிப்பருப்பு, இஞ்சிச் சாறு என்று படிப்படியாகச் சேர்த்து, தலைப்பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்கி, ஆறியபின் எலுமிச்சை பிழிவார்கள். இலையில் அதற்குத் துணை இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். தேங்காய்ப் பாலின் மந்தத்தை இஞ்சி முறிக்கும் என்பது கணக்கு. சில உணவகங்களில் இப்போது சொதி கிடைக்கிறது. இருந்தாலும் யாரோ ஒருவர் வீட்டில், அவசரமில்லாத ஒரு பகலில், இரண்டாம் முறை பரிமாற ஆள் நிற்கும்போதுதான் அதன் ருசி முழுமையாகத் தெரியும். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அப்படியே. நெல்லையின் சிறந்த சமையல் பெரும்பாலும் விலைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே நண்பரிடம் நான் முதலில் கேட்டது, அவருடைய அத்தை இன்னும் டவுனில்தானே இருக்கிறார் என்பதைத்தான். ஒரு முழு மதியத்தை அத்தை வீட்டுக்கு ஒதுக்காமல் போடும் எந்தத் திட்டமும் வெறும் சுற்றுலாதான். லியோனில் மணிக்கணக்காகச் சாப்பாட்டு மேசையை விட்டு எழாமல் பேசும் மனிதர்களுக்கு இது புரியும்.

இந்த ஊரில் விருந்தும் இலக்கியமும் ஓரிலையில் பரிமாறப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். வண்ணாரப்பேட்டையில் ‘வட்டத்தொட்டி’ நடத்திய ரசிகமணி டி.கே.சி., பின்னர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது தேடி வந்தவர்களுக்குக் கவிதையையும் பலகாரத்தையும் ஒரே உற்சாகத்தோடு பரிமாறியவர். அந்தக் குற்றாலம் வேறு. நண்பரின் அட்டவணையில் உள்ளது வரிசையில் நின்று நனைந்துவிட்டு வரும் குற்றாலம். சாரல் காலம் ஆனியும் ஆடியும். தை மாதத்தில் அங்கே ஓட வேண்டியதில்லை. அடித்துவிட்டேன். கன்னியாகுமரியையும்.

எஞ்சியவற்றை எப்படிக் கோப்பது? இதற்கு நான் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. நம் முன்னோர் முன்பே யோசித்துவிட்டார்கள். நவகைலாயத் தலங்களின் கதையில் அகத்தியரின் சீடர் உரோமசர் ஒன்பது தாமரை மலர்களை ஆற்றில் விடுகிறார். ஒவ்வொன்றும் ஒதுங்கிய இடத்தில் ஒரு கோயில். பாபநாசத்தில் தொடங்கிச் சேரன்மகாதேவி, கோடகநல்லூர் என்று இறங்கி, கடலருகே சேர்ந்தபூமங்கலத்தில் முடிகிறது. அதாவது மலையிலிருந்து கடலுக்கு, நீர் போகும் திசையில், நீர் போகும் வேகத்தில் ஒரு பயணத் திட்டம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் மொத்த நீளமே ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பிறப்பும் முடிவும் ஒரே வட்டாரத்துக்குள் அமைந்த வற்றாத ஆறு. ரோனும் சோனும் கூடும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்ட இதைவிட என்ன இருக்கிறது?

ஆகவே முதல் நாள் அம்பாசமுத்திரத்துக்குச் செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் போகட்டும். சன்னல் வழியே பிசானப் பருவத்து வயல்கள் பச்சையாக வரும். தமிழ்நாட்டில் பலர் இட்லிக்குத் தேடி வாங்கும் குண்டரிசியான அம்பை 16, இவ்வூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கொடை. ஆற்றின் அக்கரையில் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி. பின் பாபநாசம். மாலையில் கடனா நதி வந்து கூடும் திருப்புடைமருதூர். அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் ஏறினால் நிலைதோறும் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும். ஏற அனுமதி கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டாலும் குறையில்லை. பறவைகளுக்காக 2005இல் நாட்டின் முதல் சமூகப் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. மருத மரங்களின் கீழே உட்கார்ந்திருந்தாலே போதும்.

இரண்டாம் நாள் காலை பத்தமடை. ஆற்றோரத்துக் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, நுண்ணிய நாராகக் கிழித்து நெய்யும் பாய், துணிபோல மடியும். மணமக்களின் பெயர்களை நெய்து தருவார்கள். பட்டு நெசவாளர்களின் ஊராக இருந்த லியோனிலிருந்து வருகிறவர்கள் அந்தத் தறிமுன் நெடுநேரம் நிற்பார்கள் என்பது என் ஊகம். பிறகு அத்தை வீடு. அந்தியில் நெல்லையப்பர், தாமிர சபை, அல்வா.

மாஞ்சோலைக்கு வருகிறேன். கடிதத்தில் தயங்கியது இங்கேதான். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களின் கூலிப் போராட்டம் 1999 ஜூலை 23 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிய ஊர்வலமாக வந்தது. காவல்துறையின் தடியடியில் கூட்டம் ஆற்றுக்குள் சிதறியது. ஒரு சிறு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். 2024இல் தோட்டப் பணிகளும் நின்றுபோயின; அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை மலையை விட்டு இறங்கச் சொன்னார்கள். அந்த வெற்று வரிசை வீடுகளின் பின்னணியில் யார் யாரைப் புகைப்படம் எடுப்பது?

மலைக்குப் போக வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக, இரண்டாம் நாள் இருட்டுவதற்குள் கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் சற்று நேரம் நிற்கட்டும். 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம் அங்கிருந்து தெரியும். அதன் வளைவுகளுக்கடியில் ஓடும் நீரில்தான் அந்த ஜூலை மாதமும் நடந்தது. விருந்தினரிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று நண்பர் கேட்கக்கூடும். நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலக்கும் இடத்தையும், பாபநாசம் படித்துறையில் பரிகாரம் முடித்தவர்கள் வீசியெறியும் பழந்துணிக் குவியலையும் அவர்கள் எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள். அல்வாவின் ருசிக்கு ஆற்று நீரே காரணம் என்று பெருமையோடு சொல்லிவிட்டு, அந்த நீரைப் பற்றிப் பேச வெட்கப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லியோனின் நெசவாளர்கள் 1831இல் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தவர்கள். அந்த வரலாற்றை அவ்வூர் ஒளித்து வைக்கவில்லை.

மூன்றாம் நாளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்கள், நம்மாழ்வாரின் உறங்காப்புளி நிற்கும் ஆழ்வார்திருநகரி, பின் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்தவற்றில் பலவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோன இடம். 2023 முதல் தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்க முடிகிறது. அருகில் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். முதல் நாள் அம்பாசமுத்திரத்து வயல்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தி வெறும் எண்ணாக இருக்காது. ஆற்றின் திசையில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரமிருந்தால் புன்னைக்காயல். இல்லாவிட்டால் திரும்பிவிடலாம்.

நேற்று நண்பரிடமிருந்து பதில் வந்தது. குற்றாலத்தை விட்டுவிட்டார், கன்னியாகுமரியை விட மனமில்லையாம். அத்தையிடம் பேசிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சொதி. வருகிறவர்கள் காரம் தாங்குவார்களா, இஞ்சித் துவையலில் மிளகாயைக் குறைக்கட்டுமா என்று அத்தை கேட்டிருக்கிறார். குறைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.