புறாக்கள் மட்டும் போதுமா?

ஜான் வூ என்றால் நம்மில் பலருக்கு உடனே பிடிபடாது. 1997-ல் வந்த ‘ஃபேஸ் ஆஃப்’, போலீஸ்காரரும் வில்லனும் முகத்தை மாற்றிக்கொள்ளும் படம் என்றால், “அட, அவரா!” என்பீர்கள். இரண்டு கையிலும் துப்பாக்கி, ஸ்லோ மோஷன், நடுவே சிறகடிக்கும் வெள்ளைப் புறாக்கள். அந்த ஹாங்காங் இயக்குநரின் முத்திரை அது.

ஹாலிவுட்டில் பத்து வருடம் இருந்துவிட்டு சீனாவுக்குத் திரும்பி, ‘ரெட் கிளிஃப்’ என்ற சரித்திரப் படத்தை 2008, 2009-ல் இரண்டு பாகமாக எடுத்தார். துப்பாக்கியை மறந்துவிட்டார் என்றே நினைத்தோம். எழுபது வயதையொட்டி, 2017-ல் ‘மேன்ஹன்ட்’ மூலம் பழைய பாணிக்கே திரும்பினார். 2024-ல் தன்னுடைய 1989-ம் வருடத்து ‘தி கில்லர்’ படத்தைத் தானே மறுபடியும் எடுத்தார். இந்தத் தடவை ஊர் பாரிஸ், கூலிக் கொலையாளி ஒரு பெண்.

“தாத்தா, இவர் தன்னையே காப்பியடிக்கிறார்” என்கிறான் என் பேரன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பது வருடமாகத் தோடி பாடும் வித்வானைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வோமா? தெரிந்த வேலையை வயதான காலத்தில் மறுபடி எடுத்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற நமக்கு இது புரியும்.

என் குறை வேறு. அந்தப் பழைய படங்கள் ஏன் மனசில் நின்றன? ஜான் வூ இளவயதில் சாங் சே என்ற இயக்குநரிடம் உதவியாளராக இருந்தவர். சாங் சே எடுத்தது வாள் சண்டைப் படங்கள். நட்புக்காக உயிரைக் கொடுக்கும் வீரர்களின் கதை. சீடர் வாளை வாங்கிவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார், தர்மம் மாறவில்லை.

பழைய ‘தி கில்லர்’ படத்தையே பாருங்கள். கொலையாளி சுட்ட துப்பாக்கியால் ஒரு பாடகியின் கண் பாழாகிறது. அவளுடைய சிகிச்சைக்குப் பணம் சேர்க்க, கடைசியாக ஒரு கொலைக்கு ஒத்துக்கொள்கிறான். அவனைத் துரத்தி வரும் போலீஸ்காரரே அவனுக்கு நண்பராகிறார். முடிவில் தேவாலயத்தில் அவன் கண்ணும் போய், உயிரும் போகிறது. அவளுக்குப் பார்வை திரும்பவில்லை. பாவத்துக்குக் கணக்கு தீர்க்கும் கதை அது. புறாக்கள் அதற்கு அலங்காரம்தான்.

புதிய ‘தி கில்லர்’ படத்திலும் தேவாலயம் இருக்கிறது, குண்டுமழை இருக்கிறது. அந்த பாரம் இல்லை. கொலைத் தொழில் செய்தவளிடம் கதை பெரிய விலை எதுவும் கேட்கவில்லை. பார்த்து முடித்து எழுந்து காபி போடப் போய்விட்டேன். பழைய படத்துக்குப் பிறகு அப்படி எழுந்திருக்க முடிந்ததில்லை.

அதற்காக ‘கிழவருக்கு எதற்கு இந்த வேலை’ என்று தள்ளிவிடவும் கூடாது. ‘மேன்ஹன்ட்’டில் ஒரு காட்சி. கொலைப்பழி விழுந்த வக்கீலும், அவரைப் பிடிக்க வந்த துப்பறிவாளரும் ஒரே கைவிலங்கில் மாட்டியபடி எதிரிகளோடு சண்டை போடுகிறார்கள். ஒருவர் கை நீண்டால் இன்னொருவர் உடம்பும் கூடவே போயாக வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பாமல் பிழைக்க முடியாது. வசனமே தேவையில்லை. அந்தச் சில நிமிடங்களில் பழைய ஜான் வூ முழுசாகத் திரும்பி வந்தார். படத்தின் மற்ற இடங்களில் எனக்கு அத்தனை திருப்தி இல்லை.

அதனால் அவர் இன்னொரு துப்பாக்கிப் படம் எடுத்தால் நிச்சயம் பார்ப்பேன். புறா பறக்காவிட்டாலும் பரவாயில்லை. சுடுகிறவன் மனசு கொஞ்சம் உறுத்தினால் போதும்.

உங்களில் யாராவது பழைய ‘தி கில்லர்’ பார்க்கவில்லை என்றால், முதலில் அதைப் பாருங்கள். புதியதை அப்புறம் பார்க்கலாம்.