தூங்காத பிள்ளையைத் திட்டும் முன்: எங்கள் நிலைப்பாடு

வளரிளம் பருவத்தினரின் தூக்கக் கேடும் மனச்சோர்வும் குறித்து, செய்யாறு, ஆரணி வட்டாரப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

தூக்கம் தொடர்ந்து கெடுவதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ ஒதுக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கக் கேடே முந்திக்கொண்டு மனச்சோர்வுக்கு வழிவிடுவதும் உண்டு. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல், எரிந்து விழுவதாகவும் வரலாம். சில பிள்ளைகள் விடிய விடியப் புரள்வார்கள்; சிலரை எழுப்பவே முடியாது. தூக்கமில்லாத எல்லாருக்கும் மனச்சோர்வு என்று நாங்கள் சொல்லவில்லை. தூக்கத்தைச் சரிசெய்தாலே மனச்சோர்வு தீர்ந்துவிடும் என்றும் சொல்லவில்லை.

பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. இரவு 11 மணி வரை தூக்கம் வராதது பலருக்கு இயல்பு. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். ஏழரை மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு ஆறரை பஸ்ஸைப் பிடிக்கும் கிராமத்துப் பிள்ளை ஐந்தரைக்கே எழ வேண்டும். நெசவாளர் வீட்டிலோ கூடத்தில் தறி, அதன் ஓரத்தில் பிள்ளையின் பாய். முகூர்த்த மாதங்களில் சேலையை முடித்துக் கொடுக்க வெகுநேரம் விளக்கு எரியும். பழியை முழுக்கச் செல்போன் மேல் போடுவது நியாயமில்லை.

எனவே நாங்கள் கோருவது:

1. காலை 8.30க்கு முன் ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம். பள்ளி அதற்கு முன் தொடங்கக் கூடாதென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இலேயே பரிந்துரைத்தது.

2. படுக்கும் நேரத்தில் பெற்றோரின் செல்போனும் சேர்ந்து ஓரிடத்துக்குப் போகட்டும்.

3. மருந்துக் கடையில் கேட்டு தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

4. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி வையுங்கள். அழைப்பு இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாமல் உடனே உதவி கேளுங்கள்.

இவற்றில் முதல் கோரிக்கைக்குப் பணம் வேண்டாம், அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும்.