தொலைத்த இடத்தில் தேடாதே!

"தொலைத்த இடத்தில்தான் தேட வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மோதிரம் தொலைந்தால் அது சரி. சாவி தொலைந்தால் அதுவும் சரி. ஆனால் சீட்டாட்டத்தில் தொலைந்த பணத்துக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. அந்த இடத்தில் தேடப் போகிறவர், கையில் மிச்சம் இருப்பதையும் தொலைத்துவிட்டுத் திரும்புவார்.

செல்போனில் 'போக்கர்' ஆடித் தோற்றவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு.

"விட்டதைப் பிடித்ததும் நிறுத்திவிடுகிறேன்."

தோல்வியைவிட இந்த வார்த்தைதான் ஆபத்தானது. ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவது முதல் தோல்வி அல்ல. அந்தத் தோல்வியைத் துரத்திக்கொண்டு ஓடுகிற பத்தாவது ஆட்டம், இருபதாவது ஆட்டம்தான்!

மூளையும் அதிர்ஷ்டமும்

போக்கர் அமெரிக்காவில் வளர்ந்த சீட்டாட்டம். இன்று அதிகமாக ஆடப்படும் முறையில், ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். நடுவில் 5 சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இடையிடையே பந்தயம் கட்ட வேண்டும். கையில் ஒன்றும் இல்லாதவர்கூட, பலமான சீட்டு இருப்பதுபோல் பந்தயத்தை உயர்த்தி எதிரியைப் பயமுறுத்தி விரட்டலாம். ஆகவே இதில் மூளைக்கும் வேலை உண்டு. அதிர்ஷ்டத்துக்கும் வேலை உண்டு.

1998-ம் ஆண்டு இந்த ஆட்டம் இன்டர்நெட்டில் பணம் வைத்து ஆடும் ஆட்டமாக வந்தது. 2003-ம் ஆண்டு கிரிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர், இன்டர்நெட்டில் சொற்பப் பணம் கட்டித் தகுதிப் போட்டியில் வென்றார். அதன் மூலம் லாஸ் வேகாசில் நடந்த உலகப் போட்டியில் இடம் பிடித்து, 25 லட்சம் டாலர் பரிசையும் தட்டிச் சென்றார். பெயரிலேயே பணம்! பரிசிலும் பணம்! "அவருக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்காதா?" என்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆட வந்தார்கள்.

வென்ற ஒருவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தோற்ற ஆயிரம் பேரின் பெயர் யாருக்கும் தெரியாது.

சீட்டுக்கு நினைவு இல்லை

தொடர்ந்து தோற்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடும். "ஐந்து ஆட்டம் தோற்றாயிற்று. ஆறாவது நமக்குத்தான்" என்பது அந்தக் கணக்கு.

இது தப்புக் கணக்கு.

1913-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ஓர் அதிசயம் நடந்தது. சுழலும் சக்கரத்தில் உருளும் பந்து, கறுப்புக் கட்டத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. "அடுத்தது சிவப்புதான்" என்று கூட்டம் பணத்தைக் கொட்டியது. மறுபடியும் கறுப்பு! இன்னும் அதிகமாகக் கொட்டினார்கள். மறுபடியும் கறுப்பு! இப்படி 26 முறை கறுப்பே விழுந்தது. சிவப்பை நம்பியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். முந்தின முறை எங்கே விழுந்தோம் என்பது பந்துக்குத் தெரியாது. சீட்டுக்கும் தெரியாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாணயத்தை 100 தடவை சுண்டிவிடுங்கள். இடையில் எங்காவது தொடர்ந்து 5 முறை பூவோ, தொடர்ந்து 5 முறை தலையோ விழுந்திருக்கும். 100 பேர் தனித்தனியே இப்படிச் சுண்டினால், 97 பேருக்கு அது நடக்கும். தொடர் தோல்வி என்பது யாரோ வைத்த சூனியம் அல்ல. நிறைய ஆடினால் அது வந்தே தீரும்.

போக்கரில் மிகச் சிறந்த தொடக்கம் 2 ஏஸ். எதிரியிடம் 2 ராஜா இருந்து, இருவரும் உள்ள பணத்தையெல்லாம் வைத்தால், 100-க்கு ஏறக்குறைய 18 தடவை ஏஸ் வைத்திருப்பவர் தோற்பார். ஒரு தப்பும் செய்யாமலே தோற்பார்!

திறமைசாலியா, ஏமாளியா?

இங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது. திறமைசாலியும் வாரக்கணக்கில் தோற்கலாம். ஆட்டம் தெரியாதவரும் வாரக்கணக்கில் தோற்கலாம். இருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "நேரம் சரியில்லை." உண்மையில் யாருக்கு நேரம் சரியில்லை, யாருக்கு ஆட்டம் சரியில்லை என்பது ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகுதான் விளங்கும். அதற்குள் பலருடைய பணப்பை காலியாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோற்றவரின் பணம் முழுவதும் வென்றவருக்குப் போவதில்லை. மேஜை போட்டவர் ஒவ்வொரு பெரிய பந்தயத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்வார். 5 சதவிகிதம் என்பது பல இடங்களில் வழக்கம். எல்லோரும் சமமான திறமைசாலிகளாக இருந்தாலும், கடைசியில் எல்லோருடைய பணமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு 30 ஆட்டம் முடிவதே அதிகம். திரையில் ஒரு மேஜையிலேயே அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நடக்கும். ஒரே ஆள் நான்கு மேஜைகளில் ஆடலாம். நேரில் ஆடும்போது ஒரு வருடத்தில் வரும் தோல்வி, திரையில் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

ராஜாக்களும் தப்பவில்லை

ஸ்டூ உங்கர் என்ற அமெரிக்கர் 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் உலகப் போட்டியின் முக்கிய ஆட்டத்தில் வெற்றி பெற்றார். 1997-ல் மட்டும் 10 லட்சம் டாலர் பரிசு. சீட்டில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்றார்கள். மறு ஆண்டே, 45 வயதில், லாஸ் வேகாசில் ஒரு மலிவான விடுதி அறையில் பிணமாகக் கிடந்தார். சீட்டில் வென்ற பணத்தை மற்ற பந்தயங்களிலும் போதைப் பொருளிலும் விட்டுவிட்டார்.

சுவீடனைச் சேர்ந்த விக்டர் பிளோம், 2009-ம் ஆண்டு இன்டர்நெட் மேஜைகளில் பல லட்சம் டாலர் குவித்து எல்லோரையும் வியக்க வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில், ஒரே எதிரியிடம் சுமார் 5 மணி நேரத்தில் 42 லட்சம் டாலர் தோற்றார்.

இவர்களுக்கே இந்தக் கதி என்றால், மாதச் சம்பளக்காரர் எந்த மூலைக்கு?

தொழில்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

போக்கரையே பிழைப்பாகக் கொண்டவர்கள் தோல்வி வரும்போது சில கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்கிறார்கள். வீட்டுப் பணம் வேறு, ஆட்டப் பணம் வேறு. ஆட்டப் பணத்தில் 20-ல் ஒரு பங்குக்கு மேல் ஒரு மேஜைக்கு எடுத்துப் போவதில்லை. "இன்று இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன்" என்று உட்காருவதற்கு முன்பே முடிவு செய்கிறார்கள். தோற்றால் பந்தயத்தை உயர்த்துவதில்லை. சின்ன மேஜைக்கு இறங்கிவிடுகிறார்கள். கோபத்தில், தூக்கக் கலக்கத்தில், குடித்துவிட்டு ஆடுவதில்லை. நடந்ததை மறுநாள் தெளிந்த மனதுடன் எழுதிப் பார்க்கிறார்கள்.

தோல்வியால் புத்தி தடுமாறி ஆடுவதை அவர்கள் 'டில்ட்' என்பார்கள். இது 'பின்பால்' என்ற விளையாட்டு எந்திரத்திலிருந்து வந்த சொல். அந்த எந்திரத்தை ஆத்திரத்தில் ஆட்டி அசைத்தால் 'டில்ட்' என்று விளக்கு எரியும். உடனே ஆட்டம் நின்றுவிடும். எந்திரத்துக்கு நிற்கத் தெரிகிறது. மனிதனுக்குத்தான் தெரியவில்லை!

ஆனால் இந்த யோசனைகள் எல்லாம் போனாலும் கவலை இல்லாத பணத்தை வைத்து ஆடுகிறவருக்குத்தான். கடன் வாங்கி ஆடுகிறவர், பள்ளிக் கட்டணத்தை எடுத்து ஆடுகிறவர், மனைவிக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து ஆடுகிறவர் — இவர்களுக்கு இறங்கி ஆடுவது, பார்த்து ஆடுவது என்ற பேச்சே கிடையாது. நிறுத்துவது ஒன்றுதான் வழி.

சட்டம் வந்துவிட்டதே?

தமிழ்நாட்டில் இணைய சூதாட்டத்துக்குக் கடன்பட்டுப் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022-ம் ஆண்டு அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 2023 ஏப்ரலில் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு நீக்கியது. 2025-ல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று தமிழ்நாடு விதி செய்தது. அதை ஐகோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பெரிய கம்பெனிகள் பண ஆட்டங்களை நிறுத்தின.

நல்லதுதான். ஆனால் உள்ளூர்க் கடை மூடியதும், விட்டதைப் பிடிக்கக் கடல் கடந்த கடையைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ம் ஆண்டு அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்கள் மீது வழக்குப் போட்டது. அவற்றில் 'புல் டில்ட்' என்ற தளம், ஆடியவர்களுக்குச் சுமார் 39 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ 6 கோடி டாலர்! தோற்றவர் பணம் மட்டுமா? வென்றவர் பணமும் அங்கே இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-ல்தான்.

வீட்டார் கவனிக்க

தோற்ற பணத்தை மீட்க மறுபடி மறுபடி திரும்பிப் போவதை, சூதாட்ட நோயின் அறிகுறிகளில் ஒன்றாக மருத்துவ நூல்கள் சேர்த்திருக்கின்றன. பொய், கடன், தூக்கமின்மை ஆகியவை உடன் வரும். நோய் என்றால் வைத்தியம் உண்டு. 1957-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்சில் சூதாடிகளே கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒருவர் கதையை ஒருவர் கேட்பதுதான் அங்கே முதல் மருந்து. நம் நாட்டில் 'டெலி மானஸ்' என்ற இலவச மனநலத் தொலைபேசி 14416 என்ற எண்ணில் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

ஒரு வீட்டில் கணவனோ மகனோ "இவ்வளவு தோற்றுவிட்டேன்" என்று வாய் திறந்தால், அந்த நிமிடத்தில் திட்டக் கூடாது. திட்டினால் மறுபடி வாய் திறக்கமாட்டார். நகையை விற்றுப் பணத்தைக் கையில் கொடுக்கவும் கூடாது. அது மேஜைக்குத்தான் போகும். கடன் கொடுத்தவருக்கு நேரே கட்ட வேண்டும். வங்கி அட்டையை வீட்டில் இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தோற்றவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு நோட்டை எடுத்து, கட்டிய பணம் எவ்வளவு, திரும்பி வந்த பணம் எவ்வளவு என்று ஒரு பைசா விடாமல் எழுத வேண்டும். எழுதியதை வீட்டில் ஒருவரிடம் காட்ட வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் காட்டியவருக்கு, அடுத்த ஆட்டத்துக்கு ரகசியமாகப் பணம் புரட்டுவது கடினம்.

போன பணம் போனதுதான். உழைத்தால் வேறு பணம் வரும். மிச்சம் இருக்கும் சம்பளமும், உறக்கமும், வீட்டாரின் நம்பிக்கையும் இன்னும் தொலையவில்லை. காப்பாற்ற வேண்டியது அவற்றைத்தான்.