கூடம் கோணலா? ரசமட்டம் வைத்துப் பார்ப்போம்!

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பிரம்மதேசத்தில் பெரியவர்கள் முகம் மாறிவிடும். "சீட்டாடுறவன் வீட்ல அடுப்பெரியாது" என்பார்கள். திருவிழா முடிந்த மறுநாள் புளியமரத்தடியில் துண்டு விரித்து உட்காரும் கூட்டத்தைப் பார்த்தே வயதானவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அந்த ஊரிலிருந்து வருகிற நான், பேரவை ஆண்டு மலரில் ஒரு சீட்டு விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. "மலர்ல கவிதை எழுதுவாங்க, தன்னம்பிக்கை எழுதுவாங்க. நீ ரம்மி எழுதப் போறியா மச்சான்?" என்றான் ஒருவன். ரம்மியும் வரும், பொறுங்கள். முதலில் நான் எழுத வந்தது வேறு சீட்டு.

'ஸ்லே த ஸ்பயர்' என்று ஒரு வீடியோ கேம். நம் விடுதியில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்காகச் சொல்கிறேன். செஞ்சியில் ராஜகிரி ஏறியிருப்பீர்கள். வாசல் வாசலாகத் தாண்டி, மூச்சு வாங்க மேலே போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பூதம் காவல் நின்றால் எப்படியிருக்கும்? அதுதான் ஆட்டம். ஆனால் உங்கள் கையில் வாள் இருக்காது, சீட்டுக்கட்டுதான் இருக்கும். அடிக்க ஒரு சீட்டு, தடுக்க ஒரு சீட்டு. ஒவ்வொரு சண்டையும் ஜெயித்தால் மூன்று புதுச்சீட்டு காட்டுவான். ஒன்றை எடுத்துக் கட்டில் சேர்க்கலாம். வழியில் செத்தால் செத்ததுதான். சேர்த்த சீட்டெல்லாம் போய், மறுபடி அடிவாரம்.

செத்தால் முதலிலிருந்து என்ற இந்த முறை, 1980 வாக்கில் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்கள் எழுதிய 'ரோக்' என்ற பாதாள அறை ஆட்டத்திலிருந்து வந்தது. ஆடிக்கொண்டே கட்டைக் கட்டுவது 2008இல் வந்த 'டொமினியன்' என்ற மேசை ஆட்டத்தால் உலகமெங்கும் பரவியது. இரண்டையும் ஒட்டவைத்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மெகா கிரிட் நிறுவனத்தார். ஆண்டனி ஜியோவானெட்டி, கேசி யானோ என்ற இரண்டே பேர் தொடங்கிய நிறுவனம் அது.

சரி, இதில் எழுத என்ன இருக்கிறது? இருக்கிறது நண்பர்களே! இந்த ஆட்டம் கஷ்டம். சாதாரணக் கஷ்டம் அல்ல, போனைத் தூக்கி எறியலாமா என்று தோன்றுகிற கஷ்டம். அதனால் நம் விடுதியில் ஒரு பட்டிமன்றமே நடந்துகொண்டிருக்கிறது. மூன்று அணிகள். நடுவர் இல்லாத குறையைத் தீர்க்க நானே நாற்காலியில் உட்கார்ந்து விடுகிறேன்.

முதல் அணி, லக் அணி. "சீட்டு வந்தா ஜெயிக்கலாம், வரலன்னா செத்தோம். இதுல மூளைக்கு என்ன வேலை?" என்பது இவர்கள் கட்சி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அயர்ன்கிளாட் என்ற முதல் வீரன் பத்துச் சீட்டோடு தொடங்குகிறான். ஐந்து 'ஸ்ட்ரைக்', ஒவ்வொன்றும் 6 அடி. நான்கு 'டிஃபெண்ட்', ஒவ்வொன்றும் 5 தடுப்பு. ஒரு 'பேஷ்', அது 8 அடி. அதோடு எதிரியை இரண்டு சுற்றுக்கு ஒன்றரை மடங்கு அடி வாங்க வைக்கும். ஒரு சுற்றுக்கு ஐந்து சீட்டு கைக்கு வரும். செலவழிக்க மூன்று சக்தி. ஸ்ட்ரைக்குக்கு ஒன்று, பேஷுக்கு இரண்டு.

இப்போது கையில் ஒரு ஸ்ட்ரைக், ஒரு பேஷ். ஸ்ட்ரைக்கை முதலில் போட்டுப் பிறகு பேஷ் போட்டால் 6 + 8 = 14. பேஷை முதலில் போட்டுப் பிறகு ஸ்ட்ரைக் போட்டால் 8 + 9 = 17. அதே சீட்டு, அதே லக். வித்தியாசம் மூன்று அடி! அந்த மூன்று அடியில் தப்பிப் பிழைத்த எதிரி அடுத்த சுற்றில் நம்மை வெட்டும்போது, "சீட்டு வரலடா" என்று சொல்வது நியாயமா?

இன்னொரு கணக்கு. பத்துச் சீட்டுக் கட்டில் ஒரு நல்ல சீட்டு இருந்தால், சுற்றுக்கு ஐந்தாக இரண்டு சுற்றுக்குள் அது கைக்கு வந்தே தீரும். கட்டு முப்பது சீட்டாகப் பெருத்துவிட்டால் அதே சீட்டு வர ஆறு சுற்றுகூட ஆகலாம். பல சண்டைகள் அதற்கு முன்பே முடிந்துவிடும். லக் அணித் தலைவருடைய கட்டை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தேழு சீட்டு! கொடுத்ததையெல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறார், கல்யாண வீட்டுப் பந்தியில் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் மாதிரி. 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று மூன்று சீட்டையும் விட்டுவிட்டுப் போகவும் ஆட்டத்தில் வழியிருக்கிறது. கடையில் காசு கொடுத்துப் பழைய சீட்டைக் கழிக்கவும் வழியிருக்கிறது. அந்தப் பக்கமே அவர் போனதில்லை.

சந்தேகம் தீர ஒரு சோதனையும் செய்தோம். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. அதே குறியீட்டை இன்னொருவர் போட்டால் அதே வரைபடம், அதே தொடக்கம் கிடைக்கும். ஒரே குறியீட்டை இரண்டு நண்பர்களிடம் கொடுத்தோம். ஒருவர் முதல் அடுக்கிலேயே போய்ச் சேர்ந்தார். இன்னொருவர் மூன்று அடுக்கும் ஏறினார். ஒரு சோதனை போதாது என்று ஐந்து முறை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். ஐந்து முறையும் அதே நண்பர்தான் மேலே போனார். லக் என்றால் அது ஆளைப் பார்த்தா வரும்?

இரண்டாவது அணி, அநியாய அணி. "லக் இல்லன்னே வச்சுக்கோ. ஆனா இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஆடுறவனை அழ வைக்கணும்னே செஞ்சிருக்கான்" என்பது இவர்கள் வாதம்.

இந்த அணி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 'கிரெம்லின் நாப்' என்று ஒருவன் முதல் அடுக்கில் நிற்பான். நாம் அடிக்காத சீட்டு, அதாவது திறன் சீட்டு ஒன்று போட்டால், அவனுடைய ஒவ்வோர் அடிக்கும் 2 பலம் கூடும். டிஃபெண்டும் திறன் சீட்டுதான்! ஜாக்கிரதையாகத் தடுத்துத் தடுத்து ஆடிப் பழகியவன், அந்த ஜாக்கிரதையாலேயே சாகிறான். முதல் முறை இது அநியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் நாப் இதை ஒளித்து வைத்தா செய்கிறான்? முதல் சுற்றில் கர்ஜித்ததுமே விதி அவன் காலடியில் எழுதப்பட்டுவிடுகிறது. இந்த ஆட்டம் முழுக்க அப்படித்தான். எதிரி அடுத்து அடிக்கப் போகிறானா, எத்தனை அடி என்று அவன் தலைக்கு மேலேயே எழுதிக் காட்டும். கட்டில் மீதி என்னென்ன சீட்டு என்று பார்க்கலாம். அடுக்கின் வரைபடம் தொடக்கத்திலேயே கையில். உச்சியில் எந்தப் பெரிய பூதம் என்பதும் தெரியும். எந்த வழியில் போவது, கூடாரத்தில் காயம் ஆற்றுவதா அல்லது ஒரு சீட்டைக் கூர்தீட்டுவதா என்பதெல்லாம் நம் முடிவு. கேள்வித்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டு 'எழுது' என்கிற தேர்வு இது. கேள்வி கஷ்டம், உண்மை. அவுட் ஆஃப் சிலபஸ் இல்லை.

செய்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. 2017 நவம்பரில் முடிக்காத நிலையிலேயே வெளியிட்டு, எந்தச் சீட்டை எவ்வளவு பேர் எடுக்கிறார்கள், எடுத்தவர்கள் எங்கே சாகிறார்கள் என்ற கணக்குகளைச் சேகரித்து, அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். 2019 ஜனவரியில்தான் முழு ஆட்டம் வந்தது. காங்கிரீட் க்யூபை உடைத்துப் பார்த்துக் கலவையைத் திருத்துகிற நமக்கு இந்த முறை புரியாதா என்ன?

அந்த மீதிப் பாதி நியாயம் என்ன என்றால், மொழி. நாங்கள் ஆடுவது ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஒரு நண்பர் 'வல்னரபிள்', 'வீக்', 'ஃப்ரெய்ல்' மூன்றும் ஒன்று என்று நினைத்து வாரக்கணக்கில் தோற்றார். பிறகு எங்களில் ஒருவர் நோட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: வல்னரபிள் என்றால் வாங்கும் அடி ஒன்றரை மடங்கு, வீக் என்றால் கொடுக்கும் அடி முக்கால், ஃப்ரெய்ல் என்றால் போடும் தடுப்பு முக்கால். அந்தத் தாள் ஒட்டிய வாரத்திலிருந்து அவர் எங்களை முந்திவிட்டார். இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள், இது ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்துக்கும் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்!

மூன்றாவது அணி, கெத்து அணி. ஒருமுறை உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிவதில்லை. 'அசென்ஷன்' என்று இருபது படிகள் திறக்கும். படிக்குப் படி சுமை கூடும். இருபதாவது படியில் மூன்றாம் அடுக்கின் முடிவில் இரண்டு பெரும் பூதங்கள் வரிசையாக வரும். "நான் பதினேழாம் படி. நீ இன்னும் சைபரா?" என்று கேட்பதே இவர்கள் வேலை. இவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பதினேழாம் படி ஏறிய நீங்கள், சைபரில் நிற்பவனுக்கு எத்தனை முறை பேஷை முதலில் போடச் சொல்லிக் கொடுத்தீர்கள்? தெரிந்ததைச் சொல்லித்தராத கெட்டிக்காரத்தனம் பூட்டிய வீட்டுக்குள் எரிகிற விளக்கு.

இனி ரம்மிக்கு வருவோம்.

எங்கள் பஸ்ஸில் ஓர் அண்ணன் வருவார். நமக்கு இரண்டு வருஷம் சீனியர், வேறு பாலிடெக்னிக். நல்ல டிராஃப்ட்ஸ்மேன், அவர் போட்ட டிராயிங்கைப் பார்த்தால் பிரிண்ட் மாதிரி இருக்கும். செமஸ்டர் ஃபீஸுக்காக அவருடைய அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்த பணம் மூன்றே ராத்திரியில் ஒரு ரம்மி ஆப்பில் போய்விட்டது. கேட்டதற்கு அவர் சொன்னதும் அதே வார்த்தைதான்: "சீட்டு வரலடா தம்பி." அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் வரவில்லை. அம்மா மட்டும் இன்றும் வாரா வாரம் தவணை கட்டுகிறார்.

ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்று நம் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிவிட்டன. 1968இல் உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டை நினைவில் வைத்து எதை எடுப்பது எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால் ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டமே, மூன்று சீட்டு மாதிரி அல்ல என்றது. தமிழக அரசு 2020இல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்து, பின்னர் சட்டமும் ஆக்கியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023இல் புதிய சட்டம் வந்தது. அந்த நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அதன் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று சட்டம் இயற்றியது.

கவனித்தீர்களா நண்பர்களே? 'திறமையா?' என்ற கேள்வியிலிருந்து 'பணமா?' என்ற கேள்விக்கு வந்து சேர இத்தனை வருஷம்! என் கருத்தும் அதுதான். ரம்மியில் திறமை இருக்கலாம். ஆனால் நான்கு பேர் ஆளுக்கு நூறு கட்டி, ஆப்காரன் ஆட்டத்துக்குப் பத்து சதவீதம் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானூறு முந்நூற்று அறுபதாகிறது. அதே நால்வர் அதே பணத்தை மறுபடி மறுபடி வைத்து ஆடினால், நான்கு பேரும் மேதைகளாகவே இருந்தாலும், கூட்டிப் பார்த்தால் பணம் தேய்ந்துகொண்டேதான் போகும். தேயாமல் வளர்கிறவன் ஒருவன்தான். அவன் சீட்டே தொடுவதில்லை!

ஸ்லே த ஸ்பயரை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அதோடு சரி. நூறு முறை தோற்றாலும் போவது நேரம் மட்டுமே. நேரமும் காசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு முழு ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் போய்விடுகிறது, தேர்வுக்கு முந்தின நாள் அதைத் திறக்காதீர்கள். ஆனால் தோற்று எழுந்தவன் கையில் ஒரு விஷயம் மிஞ்சுகிறது: எங்கே தப்பினோம் என்பது.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் பழமொழி. லக் அணிக்கு அது சரியான பதில். ஆனால் அந்த அண்ணனிடம் போய் இதே பழமொழியைச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் ஆடிய கூடம் நிஜமாகவே கோணல். இரண்டையும் பிரித்தறிய சிவில்காரனிடம் ஒரு ரசமட்டம் இருக்கிறது. அதில் இரண்டு கேள்விகள். தோற்றபின், ஏன் தோற்றோம் என்று என்னால் கண்டுபிடிக்க முடிகிறதா? தோற்றால் என்னிடமிருந்து போவது, நான் இழக்கக்கூடியதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் எவ்வளவு கஷ்டமானாலும் ஆடுங்கள், குறை உங்கள் காலில்தான், திருத்திக்கொள்ளலாம். ஒன்றுக்கு 'இல்லை' வந்தாலும் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வாருங்கள்.

அப்படியே நம் அரியர் பேப்பரையும் இந்த மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து யூனிட்டில் இரண்டை மட்டும் படித்துவிட்டு, "நான் படிச்ச யூனிட் வரல மச்சான், பேட் லக்" என்கிறோமே, அது எந்த அணியின் வசனம்? கேள்வித்தாள் கோணலா, நம் கட்டு கோணலா? பதிலை நான் எழுதவேண்டியதில்லை. ரிசல்ட் வரும் முன்பே நம் ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.