ஓர்க்குக்கு எப்படிங்க தெரியும்?

ஏமாறுறதுக்கும் ஒரு நேர்மை வேணும்ங்க. வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க. நீங்களாவது கேளுங்க.

தீபாவளி லீவுக்கு அக்கா பிள்ளைங்க பெங்களூர்ல இருந்து எங்க குரங்கணிக்கு வந்திருக்காங்க. டாப் ஸ்டேஷன் பக்கம் மேகம் மூடிக்கிட்டு அடைமழை. போன்ல டவர் இல்ல. வேற வழி? பெரியவன் பையில இருந்து தடிப் புத்தகத்தையும் விதவிதமான பகடைகளையும் எடுத்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவுல கொண்டுவந்த ஆட்டம். ஆளுக்கு ஒரு வீரன். அவன் மட்டும் டன்ஜன் மாஸ்டர். கதை சொல்றது அவன், நடுவரும் அவன், போதாக்குறைக்கு எதிரிப்படை மொத்தமும் அவனே. அந்தப் போதாக்குறையிலதான் என் வயித்தெரிச்சல் எல்லாம்.

எனக்கு உடம்பு பூரா இரும்புக் கவசம், கையில கேடயம். ஆர்மர் கிளாஸ் 20, அதாவது எதிரிக்குக் கூட்டி 20 வந்தாத்தான் வெட்டு என்மேல படும். சின்னவ பாப்பாவுக்கு மந்திரவாதி வேஷம், ஊதினா விழுந்துரும். எங்களைச் சுத்தி மூணு ஓர்க், கோடாலி தூக்கின முரட்டுப் பயலுக. கிட்ட நிக்கிறவன் விலகி நடந்தா, போற போக்குல ஒரு வெட்டு விழும். ஆபர்ச்சூனிட்டி அட்டாக். ஆனா ஒரு சுற்றுக்கு ஒருத்தனுக்கு ஒரே ரியாக்‌ஷன்தான். என்னை வெட்டிட்டான்னா, தன் முறை திரும்பி வர்ற வரைக்கும் அடுத்து போறவனைக் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கணும்.

புரியுதுங்களா? நான் முதல்ல நடக்கணும். அதுவும் டாட்ஜ் போட்டுட்டு. டாட்ஜ் போட்டவனை வெட்டணும்னா, 20 முகப் பகடையை ரெண்டு தரம் உருட்டி, அதுல சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கணும். ஓர்க்குக்குக் கூட்டிக்க 5 உண்டு. அப்படியும் என்னைத் தொட ரெண்டு தரமும் 15-ஓ அதுக்கு மேலயோ விழணும். கணக்குப் போட்டா நூறு வெட்டுல ஒன்பதுதான் படும். மூணு கோடாலியும் என்மேல வீணாப்போக, பாப்பா நிம்மதியா விலகி நின்னு மந்திரம் போடலாம்.

ஆடு புலி ஆட்டம் ஆடின கைக்கு இது புதுசா? 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்கு வெட்டுற உரிமையே கிடையாது. ஒரு ஆட்டைத் தனியா விட்டு, புலியைத் தாண்ட வச்சு, விழுந்த எடத்துலயே சுத்தி அடைக்கணும். கோவில் கல்லுல கரிக்கோடு போட்டு ஆடுவோம். எல்லாம் கண்ணு முன்னாடிதான் இருக்கும். ஆனாலும் புலிக்காரர் ஆசைப்பட்டுத் தாண்டுவார், மாட்டுவார், வேட்டியை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போவார். மரியாதையான தோல்வி!

நம்ம வீட்ல என்ன நடந்தது? நடந்தேன்.

“வெட்டுறியா மாப்ள?”

“ஓர்க் வெட்டல மாமா. நீங்க பொறி வைக்கிறீங்கன்னு அதுக்குச் சந்தேகம்.”

எப்படிடா தெரியும்? நான் பாப்பா காதுல சொன்னது உனக்குக் கேட்டுச்சா, ஓர்க்குக்குக் கேட்டுச்சா? அவன் புத்தகத்துலயே ஓர்க்கோட அறிவுக்கு 7 மார்க். சாதாரண மனுஷனுக்கு 10. அந்த ஏழு மார்க் பய, ‘இந்தாளு வேணும்னே நடக்கிறான், ரியாக்‌ஷனை மிச்சம் பிடிப்போம்’னு யோசிக்குதாம். அப்படி யோசிக்கிறவன் கோடாலியைப் போட்டுட்டு டிஎன்பிஎஸ்சி எழுதலாமே!

“வெட்டலாம்னுதான் ரூல் மாமா. வெட்டியே ஆகணும்னு இல்ல.”

ரூல் அவன் பக்கம். அதான் இன்னும் எரியுது. பாப்பா நகர்ந்தா. அப்ப மட்டும் மூணு கோடாலியும் தவறாம வந்துச்சு. நான் ஒரு தரம் மாஸ்டரா இருக்கேனேன்னு கேட்டேன். “நீங்க ஃபேரா இருக்க மாட்டீங்க மாமா”ங்கறான்.

இந்த ஆட்டத்தோட 4-ஆம் பதிப்பு 2008-ல வந்துச்சு, அதுல இதுக்கு ஒரு மருந்து இருந்துச்சு. வீரன் ஒரு எதிரியை மார்க் பண்ணிட்டா, அந்த எதிரி வேற யாரை அடிச்சாலும் பகடையில 2 குறையும். 2014-ல 5-ஆம் பதிப்பு வந்தப்ப, அந்த 2 கழிவை எடுத்துட்டு, மார்க் பண்றதை வேணும்னா வச்சுக்கங்கன்னு ஓரங்கட்டிட்டாங்க. இன்னும் பின்னாடி போனா, 1824-ல பிரஷ்யப் படைக்கு ரைஸ்விட்ஸ் கொடுத்த கிரீக்ஸ்ஷ்பீல் போர் ஆட்டத்துல ரெண்டு பக்கமும் ஆட ஆள் உண்டு, நடுவர் தனி. உத்தரவை அவர்கிட்ட கொடுக்கணும், எதிராளிக்குத் தெரியாது. அங்க ஏமாந்தவன் நிசமாவே ஏமாந்தான். அந்த நடுவரைத் தூக்கி எதிரி நாற்காலியில உட்கார வச்ச புண்ணியவான் யாருங்க?

அட, எதிராளியே நடுவரா இருக்கிறது நமக்குப் பழக்கமில்லாததா! கல்யாண மண்டபத்துல கரண்ட் மீட்டரை மண்டபத்துக்காரங்களே பார்த்து அவங்களே பில் போடுறாங்க. வாயைத் திறந்தோமா? நான் ஏலக்காய் போடுற கடைக்கு வாங்க. அஞ்சு கிலோ பச்சைக் காயை ஸ்டோர்ல உலர்த்தினா ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அந்த ஒரு கிலோவை எடை போடுறது கடைக்காரர். சாம்பிள்னு ஒரு கை அள்ளுறது அவர். ‘ஈரம் இருக்குண்ணே’ன்னு கழிக்கிறதும் அவர், ரேட் சொல்றதும் அவர். ‘விலை இறங்கப் போகுது, இருக்கிறதை எல்லாம் கொண்டாந்துருங்க’ன்னு அவர் ஒரு தூண்டில் போட்டா நாம மூட்டையோட ஓடுறோம். நாம போட்ட தூண்டிலை அவர் என்னிக்காவது கடிச்சிருக்காரா?

போன சீசன்ல நானும் ஒண்ணு போட்டுப் பார்த்தேன். “வண்டன்மேட்டுல ஒரு பார்ட்டி கிலோவுக்கு அம்பது ரூபா கூடத் தர்றேங்கறார்”னு சும்மா அவுத்து விட்டேன். மூஞ்சியில ஒரு சலனம் இல்ல. “அப்ப அங்கயே போடுங்கண்ணே”ன்னு சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீக்காசையும் ஈரக் கழிவுல சேர்த்திருப்பார், வேணும்னா பாருங்க.