தடுப்பூசியும் நுரையீரல் தழும்பும்

பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பக்கத்தில், முந்திரியும் பலாவும் விளைகிற கிராமங்களில், தடுப்பூசி போட்டால் நுரையீரல் தழும்பேறிப் போகும் என்று ஒரு பயம் நடமாடுகிறது. "குழந்தையின் தோளில் தழும்பு விழுவதைக் கண்ணால் பார்க்கிறோமே, உள்ளே மாத்திரம் விழாதா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களை மூடர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். கண்டதைக் கொண்டு காணாததைப் பற்றிக் கேட்பதுதான் அறிவின் முதல் படி. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் அதட்டி அனுப்புகிறவர் வெள்ளை அங்கி போட்டிருந்தாலும் புரோகிதருக்குத் தம்பியே ஆவார்.

ஆகவே பதிலைப் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போடப்படும் பி.சி.ஜி. ஊசி, க்ஷயரோகம் என்னும் காசநோய்க்கு எதிரானது. மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கால்மெத், கேரன் என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் 13 வருஷ காலம், 230 தடவை திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1921ல் முதன்முதல் மனிதருக்குக் கொடுத்தார்கள். அந்த வலுவிழந்த கிருமியோடு உடம்பு தோலிலேயே போராடுவதால் சிறு புண் உண்டாகி ஆறுகிறது. தோள் தழும்பு அந்தப் புண்ணின் அடையாளமேயன்றி வேறல்ல. சில குழந்தைகளுக்கு அக்குளில் நெறி கட்டும். பிறவியிலேயே நோயெதிர்ப்புச் சக்தி அற்ற குழந்தைக்கு மாத்திரம், அரிதாக, இக்கிருமி உடம்பெங்கும் பரவிப் பெருந்தீங்கு செய்யக்கூடும். இதையும் மறைக்க வேண்டியதில்லை.

தடுப்பூசியால் தப்பே நேர்ந்ததில்லையா என்றால், நேர்ந்ததுண்டு. 1930ல் ஜெர்மனியில் லூபெக் நகரத்தில், தடுப்பு மருந்தோடு அசல் நோய்க்கிருமி கலந்துபோய், எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். விசாரணையில் அது மருந்துச் சாலையின் அஜாக்கிரதை என்று கண்டு, பொறுப்பாளிகளைத் தண்டித்தார்கள். "விதி" என்றோ "தெய்வ கோபம்" என்றோ சொல்லி மூடிவிடவில்லை. தவறு எங்கே நடந்தது என்று தேடினார்கள், கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டுச் சங்கதியைக் கேளுங்கள். 1948ல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. மருந்துச் சாலை ஏற்பட்டது. ஊர் ஊராய் ஊசி போட்டு வந்த சமயத்தில், 1955ல் ஆச்சாரியார் ராஜகோபாலாச்சாரி அதைப் பலமாக எதிர்த்துப் பிரசாரம் செய்தார். ஆச்சாரியார் சொன்னதாலேயே அது தப்பு என்று நாம் சொல்லமாட்டோம். பெரிய மனிதர் சொன்னதாலேயே சரி என்றும் ஒப்பமாட்டோம். யார் சொன்னார் என்பதா கேள்வி? எண்ணிப் பார்த்ததில் என்ன வந்தது என்பதல்லவா கேள்வி!

எண்ணியும் பார்த்தார்கள். 1968 முதல் செங்கற்பட்டு ஜில்லாவில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைச் சேர்த்து, ஒரு சாராருக்கு மருந்தும் மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் ஊசியுமாகப் போட்டு, பல வருஷம் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. சர்க்காரின் சொந்த ஆராய்ச்சியே சர்க்காரின் நம்பிக்கைக்கு விரோதமாகச் சொல்லிற்று. அதை அச்சிட்டு உலகத்துக்கும் காட்டினார்கள். தன் சாஸ்திரம் பொய்த்ததென்று எந்த மடாதிபதியாவது எப்போதாவது அச்சிட்டதுண்டா?

அப்படியானால் இன்னும் ஏன் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காசநோய் மூளைச் சவ்வைத் தாக்குவதையும், உடம்பெங்கும் பரவிச் சிசுக்களைக் கொல்வதையும் இவ்வூசி பெருமளவு தடுக்கிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் உறுதிப்பட்டிருக்கிறது. அதற்காகத்தான் போடுகிறார்கள். இதற்கு மேலாக அதற்குப் பெருமை கட்டவும் வேண்டாம். இதற்குக் கீழாக இழிக்கவும் வேண்டாம்.

நிற்க, கொரோனா ஊசிக்கு வருவோம். 2021ல் அது வந்தபோதும் இதே பயம் எழுந்தது. கோவிஷீல்டு ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறையும் கோளாறு உண்டானது மெய். போட்டவர்களுக்கு நேர்ந்ததைப் பதிந்து எண்ணியதால்தான் அது தெரியவந்தது. கொரோனா ஊசிக்குப் பின் நுரையீரல் அழற்சி கண்ட தனித்தனிச் சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் அபூர்வமாக உண்டு. ஆனால் நுரையீரலைத் தழும்பாக்கியதில் கடுமையாய்த் தாக்கிய கொரோனா நோய்க்கு முன் ஊசி எம்மாத்திரம்?

காசநோயின் சங்கதியும் அதுவே. நோய் நுரையீரலைக் குடைந்து குழியாக்குகிறது. ஆறிய பின்னும் வடு நின்று மூச்சு முட்டுகிறது. அதோடு அடுப்புப் புகையும், பீடியும், கல் தூசும் சேர்ந்து அரிக்கின்றன.

இந்த வதந்தியின் பெரிய கேடு எது தெரியுமா? ஊசி போடாமல் நிறுத்துவது ஒரு கேடு. அதனினும் பெரிய கேடு, இருமுகிறவன் "எப்போதோ போட்ட ஊசியின் வேலை" என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவது. அவன் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவன் நுரையீரலில் வடு ஏறுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் நோய் தொற்றுகிறது. உலகக் காசநோயாளரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகையால் தோழர்களே! இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதியுங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். ஊசி போட வருகிற செவிலியரிடம், இது எதற்கு, என்ன கோளாறு வரலாம், வந்தால் யாரிடம் சொல்வது என்று கூசாமல் கேளுங்கள். கோளாறு வந்தால் எழுதிப் பதியச் சொல்லுங்கள். சர்க்காரும் அந்தக் கணக்கைக் கிராமத்தாருக்குத் தெரியும்படித் தமிழில் வெளியிட வேண்டும். உண்மையை மறைக்கிற இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது.

ஒரு காலத்தில் அம்மை கண்டால் மாரியாத்தாள் வந்தாள் என்று வேப்பிலை கட்டிப் பிணம் தூக்கினோம். அந்தப் பெரியம்மை 1980ல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தது கும்பிடு அல்ல, ஊசி. ஆனால் அந்த ஊசியையும் கும்பிட வேண்டாம் என்றே சொல்லுகிறோம். கேட்டு, எண்ணி, சரியென்று கண்டபின் கையை நீட்டுங்கள். அதுவே மானமும் அறிவும் உள்ளவர் செய்யத்தக்கது.